அந்தக் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள்?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலுள்ள ஒரு ஐ.டி. கம்பெனியில் ஊழியர்களை வற்புறுத்தி ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி வெளியே அனுப்பினார்கள் என்ற செய்தி எல்லாருக்கும் தெரியும், விவரமாகத் திரும்ப எழுதவில்லை. எனக்கு வயிறு எரிந்தது அந்தச் செய்திக்குக் கீழே வந்த கேள்வியைப் பார்த்துத்தான்: "இவ்வளவு படிச்சவங்க, ஏன் கையெழுத்துப் போட்டாங்க?"

பத்து நிமிட மீட்டிங். எதிரே ஹெச்.ஆர். ஆட்கள் இருவர். ராஜினாமா கடிதம் ஏற்கெனவே அடித்துத் தயார். போட்டால் ரிலீவிங் லெட்டர் (முறையாக விலகினார் என்ற சான்று), போடாவிட்டால் டெர்மினேஷன், அதாவது பணிநீக்கம். வீட்டுக்கடன் தவணை ஓடுகிறவர் அந்த அறையில் என்ன செய்வார்?

அந்தக் கையெழுத்தின் விலையைப் பாருங்கள். அப்படிப் போட்ட ஒருவருக்கு ஏழு வருட சர்வீஸ், கணக்கில் வரும் சம்பளம் மாதம் 60,000. முறைப்படி ஆட்குறைப்பு என்றால், 21-11-2025 முதல் அமலில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது 60,000. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் 2,10,000. மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் புதிய திறன் கற்க நிறுவனம் கட்டும் பணம்) இன்னொரு 15 நாள், 30,000. மொத்தம் மூன்று லட்சம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. ராஜினாமா செய்துவிட்டால் கிராஜுவிட்டி தவிர மற்றதெல்லாம் போச்சு. அதற்குத்தான் கையெழுத்து.

"வேலை சரியாகச் செய்யாதவனை வைத்துக்கொண்டு அழணுமா?" வேண்டாம், அனுப்புங்கள். ஒழுங்கீனம் என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரணை வைத்து, பதில் சொல்ல விடுங்கள். தண்டனையாக இல்லாமல் நிறுவனமே நீக்கினால், பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), ரேட்டிங் (வேலைக்குப் போடும் மதிப்பெண்) என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது ஆட்குறைப்புதான். பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

"ஐ.டி.க்கு இந்தச் சட்டம் வராது." வரும். 'தொழில்நுட்ப வேலை' என்ற சொல்லே தொழிலாளர் வரையறையில் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பதால் மட்டும் யாரும் மேனேஜர் ஆகிவிட மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். நிஜமாகவே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவருக்கு இந்த வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போட்டவர்களே, அன்றிரவே சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்: "இன்ன தேதி, இன்ன நேரம், இன்னாரின் வற்புறுத்தலால் கையெழுத்திட்டேன், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயார்." ஒரு மாதம் கழித்து எழுதினால், யோசித்துச் செய்த ராஜினாமா என்று வாதாடுவார்கள். மீட்டிங் அழைப்பு, லாகின் முடக்கப்பட்ட நேரம், சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம், இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கிளையண்ட் ஃபைலை மட்டும் தொடாதீர்கள், அதையே உங்கள் மேல் குற்றச்சாட்டாகத் திருப்புவார்கள். பிறகு தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். 45 நாளில் முடியவில்லையென்றால் நேரே தீர்ப்பாயம் போகலாம். சமரசத்துக்குப் போக வேலை போன நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. முன்பு மூன்று வருடம் இருந்தது, அதையும் குறைத்துவிட்டார்கள்.

"கேஸ் போட்டால் அடுத்த வேலை கிடைக்காது" என்கிறீர்கள். அந்தப் பயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பயந்து கையெழுத்திட்டவரை முட்டாள் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, செக்யூரிட்டி துணையோடு வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஏழு வருடம் வேலை செய்த இடம் அது. அவரிடம் போய் ஏன் போட்டாய் என்று கேட்கிறீர்கள். கடிதத்தை முன்கூட்டியே அடித்து வைத்தவரிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.