"நீ உட்காரும்மா" என்று சொல்வதை நிறுத்துவோம்

நம்ம வடசென்னை ஏரியாவில் பெற்றவர்கள் மேல் பாசத்தைக் காட்ட ஒரே வழிதான் தெரியும்: உட்கார வைப்பது.

எங்கள் பெரியம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தண்டையார்பேட்டை தெருக்களில் விற்றவர். அடிபம்பில் தண்ணி அடித்து, இடுப்பில் குடத்தோடு மாடி ஏறியவர். மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும், "ஒழச்சது போதும், நீ உட்காரும்மா" என்றான். உட்கார்ந்துவிட்டார். டீயும் மாத்திரையும் இருக்கிற இடத்துக்கே வரும். இப்போது அந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் ஒரு ஆட்டம் ஆடி, "யம்மாடி" என்று சொன்னால்தான் முடிகிறது. கேட்டால் வயசாச்சு என்கிறார்கள். வயசு பாதிதான். மீதியை நாம் செய்தோம், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

வேலை இல்லாத தசை கரையும், வயசானால் இன்னும் வேகமாகக் கரையும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சுகரும் பிடிவாதம் பிடிக்கும். தொடையில் பலம் போனால் மூட்டுக்குப் பாரம் கூடும். "முட்டி வலிக்குது, அதனால நடக்கல" என்பார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு டாக்டர்கள் முதலில் சொல்வதே உடற்பயிற்சிதான்.

அப்படியென்றால் வாக்கிங் போனால் போதுமா? போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: 65 வயதுக்கு மேல், வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பயிற்சி. நாம் முதல் வரியோடு நிறுத்திவிட்டோம். அந்த முதல் வரிக்கே இங்கே வழி இல்லை என்பது வேறு விஷயம். நடைபாதையில் பைக், அதைத் தாண்டி இறங்கினால் கன்டெய்னர் லாரி. பூங்காவில் எட்டு வடிவத்தில் கல் பதித்திருக்கிறார்கள், சந்தோஷம். கூடவே பிடித்து நடக்க ஒரு கம்பியும், பூட்டாத கழிப்பறையும் இருந்தால் இன்னும் பத்துப் பாட்டிகள் வருவார்கள்.

தசைப் பயிற்சி என்றதும் ஜிம்மை நினைக்க வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழ வேண்டும், உட்கார வேண்டும். பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருவதில்தான் தொடைக்கு நிஜமான வேலை. இதையே சோதனையாகவும் வைக்கிறார்கள்: 70 முதல் 74 வயதுக்குள் இருக்கும் பெண் 30 நொடியில் 10 தடவைக்குக் குறைவாகவும், ஆண் 12 தடவைக்குக் குறைவாகவும் எழுந்தால், கீழே விழும் ஆபத்து அதிகம் என்று கணக்கு. இன்று ராத்திரி வீட்டில் பாருங்கள், பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

"இந்த வயசுல இனிமே என்னத்த?" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களைக் காலால் எடை தூக்க வைத்தார்கள். 8 வாரம். கடைசிவரை செய்த 9 பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயசில்! நம் நாட்டின் பகவானி தேவி 2022-ல் பின்லாந்தில் நடந்த மூத்தோர் உலகப் போட்டியில் 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 94. எல்லாரும் அவர் ஆக முடியாது, சரி. பஸ் படி ஏறலாம், யார் கையையும் பிடிக்காமல் பாத்ரூம் போய் வரலாம்.

ஆம்பளைகளுக்கும் ஒரு வார்த்தை. வடசென்னையில் கேரமை விட்டுக்கொடுத்து நான் பேசினால் வீடு போய்ச் சேர மாட்டேன். நண்பர்கள் நாலு பேர், சிரிப்பு, கணக்குப் போடும் மூளை, எல்லாம் வயசானவர்களுக்கு நல்லதுதான். ஆனால் மூன்று மணி நேரம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து விரல் மட்டும் அசைகிறது. ஒவ்வொரு போர்டு முடிந்ததும், தோற்ற ஜோடி கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காரட்டும். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து போட வேண்டிய ஃபாலோ காயைப் போடாமல் விட்டவர் கூடுதலாக ஐந்து. எங்க தெரு கிளப்பில் இந்த ஞாயிறு பேசிப் பார்க்கப் போகிறேன். திட்டு விழுந்தால் கமெண்டில் சொல்கிறேன்.