ஜெஸ்ஸி ஓவன்ஸின் அந்த 45 நிமிடம்: போட்டி வேறு

"1935 அமெரிக்க தேசியக் கல்லூரித் தடகளப் போட்டியில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 45 நிமிடத்தில் உலக சாதனைகளைக் குவித்தார்" என்று அந்த அமெரிக்கத் தடகள வீரரைப் பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. சாதனை உண்மை, போட்டிதான் வேறு.

அது மே 25 அன்று மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்த 'பிக் டென்' போட்டி. சில பல்கலைக்கழகங்கள் மட்டும் மோதுவது. நம்மூர்க் கணக்கில் மண்டலப் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலியோடு வந்தவர் 100 கஜத்தில் உலக சாதனையைச் சமன் செய்தார். அப்புறம் நீளம் தாண்டலில் ஒரே ஒரு முயற்சி: 8.13 மீட்டர். அதை முறியடிக்க 1960 வரை ஆனது! 220 கஜ ஓட்டம், தாழ் தடை ஓட்டம் (உயரம் குறைந்த தடைகளைத் தாண்டி ஓடுவது) இரண்டிலும் புதிய சாதனை.

தேசியப் போட்டி அடுத்த மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடந்தது. அங்கே அவருக்கு நான்கு பட்டங்கள்; 1936இல் சிகாகோவில் மறுபடி நான்கு.