பெரியப்பா பிபி மாத்திரையை நிறுத்துனதுக்கு நான்தான் காரணமாம்

போன மாசம் மேற்கு மாம்பலம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல எனலாப்ரில் அட்டை பிரிக்காம அப்படியே கெடக்கு. என்ன பெரியப்பா மாத்திரை போடலையான்னு கேட்டா, "நீதானேம்மா கண்டுபிடிச்ச, தயிர்ல பிபியக் குறைக்கிற சத்து இருக்குன்னு? பத்து நாளா காலைல ஒரு சொம்பு மோர்தான்"ங்குறாரு. அதுல உப்பு வேற அள்ளிப் போட்டு. மெஷின் வெச்சுப் பாத்தா 168/102. எனக்கு பக்குனு ஆயிடுச்சு, பெரியம்மா என்னை மொறைக்குறாங்க.

எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். புரதத்தை ஒரு பந்து பூன்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம், அதுலேர்ந்து கொஞ்சம் கண்ணி அறுத்து எடுத்தா அதான் பெப்டைடு. பால் தயிராகுறப்ப பாக்டீரியா கேசின் புரதத்தை அப்படி அறுக்குது. நான் தயிரை சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தவிட்டு மேல நிக்கிற மஞ்சத் தண்ணிய எடுத்து, ஆசிட சொட்டு சொட்டா விட்டு பிஹெச் 3க்கு இறக்கி, வயித்துல செரிக்க வைக்குற பெப்சின் என்சைமப் போட்டு 37 டிகிரி வாட்டர் பாத்ல ரெண்டு மணி நேரம், அப்புறம் பிஹெச் 7க்கு ஏத்தி கணையத்து என்சைம் கலவையான பேன்கிரியாட்டின் போட்டு இன்னொரு ரெண்டு மணி நேரம். இதுதான் எங்க "வயிறு". கரண்ட் போனா வயிறும் நின்னுடும், மறுபடி மொதல்லேர்ந்து. கடைசியா அந்தத் தண்ணிய ஏசிஇ என்சைம் கூட கலந்து, அது வேலை செய்யுறத எவ்ளோ தடுக்குதுன்னு அளப்போம். ஏசிஇதான் உடம்புல ரத்தக்குழாய சுருக்குற ஆஞ்சியோடென்சின் 2ஐ உண்டாக்குது, அதைத் தடுத்தா பிபி குறையும், கணக்கு சரிதான். ஆனா நான் தடுத்தது பெரியப்பாவோட ஏசிஇய இல்ல, முயல் நுரையீரல்லேர்ந்து எடுத்து குப்பியில வர்றத.

குழாயில தடுக்குறது வேற, ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது வேற. இன்சுலின் 51 அமினோ அமிலம் உள்ள பெப்டைடுதானே, அதை ஏன் குடிக்காம ஊசியா குத்திக்கிறோம்? வயிறு அதை சாப்பாடா நெனச்சு செரிச்சுடும். ரெண்டு மூணு கண்ணி இருக்குற குட்டிப் பெப்டைடு கொஞ்சம் தப்பிக்கும், ஒத்துக்குறேன். புளிச்ச பால்ல வர்ற விபிபி, ஐபிபின்னு ரெண்ட வெச்சு ஜப்பான்ல மனுஷங்களுக்கே குடுத்துப் பாத்தாங்க, பிபி கொஞ்சம் குறைஞ்சுது. ஐரோப்பாவுல பண்ணப்ப அதே மாதிரி ஒழுங்கா வரல, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் நிரூபணம் பத்தாதுன்னுடுச்சு.

இதுல கூத்து என்னன்னா, பெரியப்பா தூக்கிப்போட்ட மாத்திரையோட வேரே பெப்டைடுதான். பிரேசில் விரியன் பாம்பு விஷத்துல ஏசிஇயத் தடுக்குற பெப்டைடுங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, ஆனா அதை வாயில குடுத்தா வேலைக்காகாது, அதனால அது என்சைம்ல எப்படிப் போய் உக்காருதுன்னு பாத்து வயித்தத் தாண்டுற மாதிரி ஒரு சின்ன மூலக்கூற உருவாக்குனாங்க. அதான் கேப்டோப்ரில், 1981ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. எனலாப்ரில் அதோட தம்பி. நான் ஒரு செமஸ்டர்ல நின்ன இடத்துலேர்ந்து ஒரு மாத்திரைக்குப் போக எத்தன வருஷம், எத்தன பேர் மேல சோதனைன்னு யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

ஆனா பெரியப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. ப்ராஜெக்ட் தலைப்புல "ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் தயிர் பெப்டைடுகள்"னு கொட்டை எழுத்துல போட்டது நான். "சோதனைக் குழாயில்"னு ஒரே ஒரு வார்த்தை சேத்திருக்கலாம், சேத்தா கெத்தா இல்லன்னு தோணுச்சு. குடும்ப க்ரூப்ல அட்டைப்படத்த போட்டு பெருமையடிச்சதும் எங்க அப்பாதான். ஏ2 பால், கொலாஜன் பவுடர்னு இன்னிக்கு விக்குறதுல பாதிக் கதை இப்படி யாரோ முழுங்குன ஒரு வார்த்தையிலதான் ஓடுது. லேப்ல இருக்குற தம்பி தங்கச்சிங்களா, அந்த வார்த்தைய தலைப்புலயே போடுங்க, உள்ள பதினெட்டாம் பக்கத்துல இல்ல.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் பெரியப்பா இப்ப மாத்திரை போடுறாரு, மோரும் உண்டு, உப்பில்லாம. பாம்புக் கதைய மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. நேத்து ராத்திரி போன் பண்ணி கேக்குறாரு, "ஏம்மா, அப்ப இந்த மாத்திரை சைவமா அசைவமா?"