சாட்ச்மோ கேலிப் பெயர் மட்டும் அல்ல
அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு 'சாட்ச்மோ' என்பது வெளியார் சூட்டிய கேலிப் பெயர், அதை அவர் வாழ்நாள் முழுக்கச் சகித்துக்கொண்டார் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பை போல அகன்ற வாய் என்றுதான் பொருள், சரி. ஆனால் அதற்கு முன்பே 'டிப்பர்மவுத்', அதாவது அகப்பை வாயன், என்று அவருடைய சொந்தக் கூட்டாளிகளே கூப்பிட்டிருக்கிறார்கள். 1923இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவில் அவர் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்த ஒரு பதிவுக்கு 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' என்றே பெயர். 1932இல் லண்டன் போனபோது ஓர் இசைப் பத்திரிகை ஆசிரியர் 'சாட்செல்மவுத்' என்பதைச் சுருக்கி சாட்ச்மோ என்று அழைக்க, அது அவருக்குப் பிடித்துப்போனது. 1954இல் வந்த தன் சுயசரிதைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். வேண்டாத பெயரை யாராவது தன் புத்தகத்தின் தலைப்பில் போடுவார்களா? அப்புறம், அவர் வெள்ளையருக்குச் சிரித்துக் காட்டியவர் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒரு பள்ளிக்குள் கறுப்பின மாணவர்களை விடாமல் தடுத்தபோது, அதிபர் ஐசனோவருக்குத் துணிவில்லை என்று செய்தியாளரிடம் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அரசு ஏற்பாடு செய்யவிருந்த சோவியத் பயணத்துக்கும் போக மறுத்தார். பெரும் புகழில் இருந்த ஒரு கறுப்பினக் கலைஞர் அன்று அப்படிப் பேசுவது சாதாரண விஷயம் இல்லை. நண்பர் 1928இல் ஆம்ஸ்ட்ராங் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தை ஒருமுறை கேட்க வேண்டும். கால் நிமிடம்கூட வராத அந்தத் தனி ட்ரம்பெட்டை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.