பனி உருகினால் சீலுக்குக் கொண்டாட்டமா?

காரைக்குடியில் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சீல் எனும் கடல்நாய் பற்றி ஒரு படம் சுற்றுகிறது: “துருவப் பனி உருகினால் சீல்களுக்கு நீந்த இடம் கூடும், மீனும் நிறையக் கிடைக்கும்.” பெரியப்பா கைதட்டும் பொம்மை வேறு போட்டிருந்தார். சரி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவறு.

கடல்பனி சீலுக்குத் தடையல்ல, பேறுகால வீடு. ஆர்க்டிக்கின் ஹார்ப் சீல் பனிமேல்தான் குட்டி போடும். தாய் பால் கொடுப்பது சுமார் 12 நாள். அப்புறமும் நீந்தத் தேறும்வரை குட்டிக்குப் பனிதான் தரை. பனி முன்னதாகவே உடைந்தால் குட்டி மூழ்கிவிடும். வளையச் சீல் கடல்பனி மேல் கிடக்கும் வெண்பனியில் குகை குடைந்து குட்டியை ஒளித்து வைக்கும். அது சீக்கிரம் உருகினால், பிள்ளை பெற்ற வீட்டில் கூரையைப் பிரித்த கதைதான். பனிக்கரடிக்கு வேட்டை சுலபம்.

மீன் கூடும் என்பதும் சரியல்ல. அண்டார்க்டிக்கின் ‘நண்டுத்தின்னி’ சீல் நண்டு தின்பதில்லை (யார் வைத்த பெயரோ!), அதன் முக்கிய உணவு கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர். இளம் கிரில் குளிர்காலத்தில் கடல்பனியின் அடியில் வளரும் பாசியை நம்பியிருக்கிறது. பனி குறைந்தால் கிரிலும் குறையும். மிஞ்சியதிலும் பங்கு கேட்கக் கப்பல்கள் வருகின்றன: பண்ணை மீன் தீவனத்துக்கும் ஒமேகா-3 மாத்திரைக்கும். அண்டார்க்டிக்கை ஒட்டிய தென் அட்லாண்டிக் பகுதியில் ஆண்டுக்கு 6,20,000 டன் என்று கிரில் பிடிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிடிப்பு பெரும்பாலும் சீலும் பெங்குவினும் இரை தேடும் இடங்களிலேயே குவிவதுதான் சிக்கல்.

பெரியப்பாவுக்கு இதை அனுப்பிவிட்டேன். இன்னும் நீலக்குறி வரவில்லை.