தவணையில் ஃபுல் ஃப்ரேம் வாங்குவதற்கு முன்

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் அழைத்திருந்தார். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்றை, அதாவது படத்தைப் பதியும் சென்சார் பெரிதாகவும் லென்ஸ் மாற்றக்கூடியதாகவும் உள்ள கேமராவை, தவணையில் வாங்கப் போவதாகவும், நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே பெங்களூருக்குப் போய் வாங்கிவந்துவிடுவதாகவும் சொன்னார். "எதுக்குப்பா வாங்கறே?" என்று கேட்டேன். "நம்ம மாவட்டத்து நடுகல்லு, பாரதக் கூத்து, ரெண்டையும் ஒழுங்கா படம் எடுத்து வைக்கணும் சார்" என்றார். கேட்கவே மனம் நிறைந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டும் கேமராவின் கண்ணில் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள். தொலைபேசியில் அதை விளக்கி முடிக்க முடியாததால், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாதவர், அதிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரு சக்கர வண்டியில் ஊர் ஊராக நடுகல் தேடிப் போகிறவர், முதலில் வாங்க வேண்டியது லென்ஸ் கழற்ற முடியாத, ஒரு நல்ல சிறிய காம்பாக்ட் கேமராதான். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. 2019ஆம் ஆண்டு சோனியின் ஏ7 த்ரீ என்ற ஃபுல் ஃப்ரேம் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா) டாம்ரானின் 28-75 எஃப் 2.8 லென்ஸோடு வாங்கினேன். பாடி 650 கிராம், லென்ஸ் 550 கிராம். பிறகு கூத்துக்காக 840 கிராமில் ஒரு 70-200 எஃப் 4 லென்ஸும் சேர்ந்தது. பை, டிரைபாட், கூடுதல் பேட்டரி எதையும் கணக்கில் சேர்க்காமலேயே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். 2021இல் வாங்கிய ஆர்எக்ஸ்100 செவன் காம்பாக்ட், பேட்டரியும் கார்டும் உட்பட 302 கிராம். சட்டைப் பையில் அடங்கிவிடும்.

எடை ஒரு பெரிய விஷயமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கல்லின் இயல்பு. கல் நகராது. கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, நாம் எடுக்கப்போகும் பொருள் நகருமா, நகராதா என்பதே. நகராத பொருளுக்குச் சிறிய டிரைபாட் ஒன்று போதும். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்; கூட்டினால் படத்தில் மணல்போல் புள்ளிகள் எழும்) 125இல் வைத்து, ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்தாலும் கல் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த இடத்தில் பெரிய சென்சார் தரும் அனுகூலத்துக்காகவே நாம் லட்சங்களைக் கொடுக்கிறோம். கல்லின் முன்னால் அந்த அனுகூலத்துக்கு வேலையே இல்லை.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சிற்றூரில், கேழ்வரகுக் கொல்லையின் வரப்போரம் ஒரு நடுகல் இருக்கிறது. நான்கடி உயரம், பின்னால் நன்றாகச் சாய்ந்திருக்கும். இடக்கையில் வில், வலக்கையில் ஓங்கிய வாள், காலடியில் கெண்டியும் சிமிழும் என்று நம் பகுதி நடுகற்களுக்கே உரிய அமைப்பு. தலைக்கு மேலே, பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் சில வரிகள். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிய புதிதில் அந்தக் கல்லுக்கு முன் உட்கார்ந்து, லென்ஸை எஃப் 2.8இல் முழுவதும் திறந்துவைத்து (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், தெளிவாக விழும் ஆழம் குறையும்), மாலை வெயிலில் முப்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். கேமராவின் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஓங்கிய வாள் தெளிவாக இருந்த படங்களில் கெண்டியும் சிமிழும் கரைந்து கிடந்தன, காலடி தெளிவாக இருந்த படங்களில் எழுத்து இல்லை. ஒரு கல்லை முழுமையாகப் பதிவு செய்த படம் என்று அவற்றில் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மறுபடியும் போக வேண்டியதாயிற்று.

இதன் காரணம் எளிய கணக்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். காம்பாக்டுகளில் ஒரு இஞ்ச் என்று சொல்லப்படும் சென்சார் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பில் முன்னது ஏழு மடங்குக்கும் மேல். ஒன்றரை மீட்டர் தொலைவில் இருந்து, 50 மில்லிமீட்டர் கோணத்தில் (இந்த எண் குறைந்தால் கோணம் விரியும்), எஃப் 2.8இல் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். ஒரு இஞ்ச் சென்சாரில் அதே கோணத்துக்கும் அதே எஃப் எண்ணுக்கும் சுமார் 40 சென்டிமீட்டர் கிடைக்கும். அந்தச் சாய்ந்த கல்லின் உச்சிக்கும் அடிக்கும் இடையே கேமராவிலிருந்து உள்ள தொலைவு வேறுபாடு ஏறத்தாழ அவ்வளவுதான். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8க்குப் போனால் அதே ஆழம் கிடைக்காதா என்றால், கிடைக்கும். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எஃப் 8க்குப் போன அந்த நொடியிலேயே, பெரிய சென்சார் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தை நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பின்னணியை மங்கலாக்கும் அழகு மனித முகத்துக்குப் பொருந்தும். ஆவணத்துக்கு அது குறை.

தேய்ந்த எழுத்தைப் படத்தில் மேலெழச் செய்வது கேமரா அன்று, பக்கவாட்டு வெளிச்சம். வெயில் சாயும் நேரம் வாய்க்காவிட்டால், கல்லின் மேல் குடை பிடித்து நிழலாக்கிக்கொண்டு, ஓர் எல்இடி டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அந்த வெளிச்சம் கீறலின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பள்ளத்தை இருட்டாக விடும்போது, கண்ணுக்கே தெரியாதிருந்த 'பட்டான் கல்' (இறந்துபட்டவனின் கல்) என்ற சொற்கள் மெல்ல எழுந்து வரும். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. இருநூறு ரூபாய் டார்ச் செய்யும் அந்த வேலையை எந்தப் பாடியும் செய்யாது.

அப்படியானால் கைப்பேசியே போதாதா என்றும் அந்தத் தம்பி கேட்டார். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: கல்வெட்டுக்குக் கைப்பேசியின் சாதாரணப் படம் போதாது. கைப்பேசி பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, புள்ளிகளை வழித்து, ஓரங்களைக் கூர்மையாக்கித்தான் நம்மிடம் தருகிறது. தேய்ந்த வட்டெழுத்தில் ஒரு வளைவு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஓர் ஊரின் பெயரோ, இறந்துபட்ட வீரனின் பெயரோ அடங்கியிருக்கிறது. அந்த இடத்தில் மென்பொருள் தன் விருப்பத்துக்கு ஓரம் கட்டினால், படிப்பவர் கல்லைப் படிக்கவில்லை, மென்பொருளைப் படிக்கிறார். சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பு கொடுக்கும் கேமரா வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

எந்தக் காம்பாக்ட் என்பதில் ஒரு சொல். ரிக்கோ ஜிஆர் த்ரீ வெறும் 257 கிராமில் ஏபிஎஸ்-சி சென்சாரைத் தருகிறது. அது ஒரு இஞ்ச் சென்சாரைப்போல் மூன்று மடங்கு பரப்பு. தெருவில் நடந்தபடி படம் எடுப்பவருக்கு அதைவிடக் கைக்கடக்கமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதன் லென்ஸ் 28 மில்லிமீட்டர் கோணம், மாற்றவும் முடியாது. சாய்ந்த நடுகல்லை அருகிருந்து 28இல் எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கால் பெருத்து, தலை சிறுத்துவிடும். வீரனின் உருவ அளவை அளந்து எழுதுகிறவருக்கு அது பொய்யான படம். நடுகல்தான் நோக்கம் என்றால் 40 மில்லிமீட்டர் கோணம் கொண்ட ஜிஆர் த்ரீ எக்ஸையோ, ஜூம் உள்ள காம்பாக்டையோ பார்ப்பது நல்லது.

இன்னொரு காரணத்தை எந்த விமர்சனக் காணொளியும் சொல்லாது. நம் பகுதியில் நடுகல் அருங்காட்சியகப் பொருள் மட்டுமன்று. வேடியப்பன் என்று பெயரிட்டு, மஞ்சள் பூசி, விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். முன்பு சொன்ன அந்தக் கொல்லைக்கு உரிய மூதாட்டி, நான் பெரிய பையைத் திறந்து டிரைபாடை விரித்ததுமே வரப்பில் நின்றுவிட்டார். "எந்த ஆபீசுல இருந்து வர்றீங்க? ரோடு போட நெலம் அளக்கறீங்களா?" என்றார். சாலைக்கும் ஆலைக்கும் நிலம் கொடுத்த ஊர்களில் அந்தப் பயம் வெறும் சந்தேகம் அன்று. அரை மணி நேரம் பேசியும் அவர் முகம் தெளியவில்லை. கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஓராண்டு கழித்துச் சிறிய கேமராவோடு போனேன். முதலில் உட்கார்ந்து பேசினேன். அவர் கல்லைத் துடைத்து எண்ணெய் வார்த்துத் திரியைத் தூண்டியபோது, அனுமதி கேட்டு நான்கு படங்கள் எடுத்தேன். விளக்கைத் தூண்டும் விரல், அதன் பின்னால் மஞ்சள் படிந்த வில். பெரிய கேமரா கையில் இருந்திருந்தால் அந்தப் படம் எனக்குக் கிடைத்திருக்காது.

இனிக் கூத்துக்கு வருகிறேன். இங்கே என் வாதம் அப்படியே தலைகீழாக மாறும்.

மாசி, பங்குனி தொடங்கி நம் ஊர்களில் நடக்கும் பாரதத் திருவிழாவில் பகலெல்லாம் பிரசங்கம். இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை கூத்து. இரண்டு, மூன்று விளக்குகள்தான் வெளிச்சம். மரக்கட்டை அணிகளோடு வரும் கட்டை வேடக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, முகவீணையும் மிருதங்கமும் உச்சத்துக்குப் போகும்போது சுழன்று ஆடுவார். அந்தச் சுழற்சியை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். எஃப் 2.8இல் ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும் வெளிச்சத்தையே நான் பெரும்பாலான ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் அதைத் தாங்குகிறது. என் காம்பாக்டில் ஜூமை முழுவதும் இழுத்தால் லென்ஸ் எஃப் 4.5க்குச் சுருங்கிவிடும், அதற்கு ஈடாக ஐஎஸ்ஓ 16000க்கு மேல் வேண்டும், அந்தக் கேமராவின் வழக்கமான எல்லையோ 12800. எடுத்துப் பார்த்தேன். துரியோதனனின் முகத்தில் அரிதாரம் எது, புள்ளி எது என்று பிரிக்க முடியவில்லை. கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெள்ளைத் திட்டுகளாகிப்போயின. ஃபிளாஷ் போடலாமே என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். இரவு முழுவதும் கண் விழித்து ஆடும் கலைஞரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது அவமரியாதை.

பெரிய கேமராவோடு போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஓசை வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஆட்டம் ஓயும் இடங்களில் நொடியில் 100இல் ஒரு பங்குக்கு இறங்குவது உத்தமம்.

அப்படியென்றால் கூத்துக்காகப் பெரிய கேமரா வாங்கித்தானே தீர வேண்டும்? அந்தத் தம்பி ஆண்டுக்கு எத்தனை இரவுகள் கூத்துக்குப் போவார் என்று கேட்டதற்கு, நான்கைந்து என்றார். நான்கைந்து இரவுகளுக்காக மூன்றாண்டுத் தவணையா? ஓசூரிலும் பெங்களூரிலும் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கல்யாணப் படம் எடுப்பவர் நிலை வேறு. தாலி கட்டும் நொடி திரும்ப வராது என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் பாடி அவருக்குக் கடமை. அவர் கடன் வாங்கினாலும் அது தொழில் முதலீடு.

சிறிய கேமராவின் குறையையும் மறைக்கக் கூடாது. ஜூம் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போதெல்லாம் காற்றோடு தூசியையும் இழுத்துக்கொள்கிறது. கேழ்வரகு தூற்றும் களமும் கிரானைட் லாரி போகும் மண் சாலையும் உள்ள நம் பகுதியில் இது சிறு குறை அன்று. மிரர்லெஸ் பாடியில் லென்ஸைக் கழற்றி ஊதியால் ஊதிவிடலாம். காம்பாக்டின் சென்சாரை நாம் தொடவே முடியாது. என்னுடையதில் ஒரு தூசிப் புள்ளி விழுந்து, அதைச் சுத்தம் செய்ய அனுப்பிய இடத்தில் ஒன்றரை மாதம் கிடந்தது. அந்த ஆண்டின் எருது விடும் விழாக்கள் முழுவதும் எனக்குப் போயின. ஒகேனக்கல் சாரலில் பரிசல் ஏறுகிறவரும் இந்தக் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் என் கருத்து மாறவில்லை.

இருபது மெகாபிக்சல் போதுமா என்றும் கேட்கிறார்கள். என் காம்பாக்டின் படம் 5472க்கு 3648 புள்ளிகள். அச்சில் இஞ்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால் 18க்கு 12 இஞ்ச் தாளுக்குச் சரியாக வரும். விளக்கு தூண்டும் அந்தப் படத்தை அதே அளவில் கிருஷ்ணகிரியில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூதாட்டி அதை வாங்கித் தன் முகத்தைப் பார்க்கவில்லை, வில்லின் மேல் விரலை வைத்து, "இவ்ளோ தெளிவா இருந்துதா எங்க சாமி?" என்றார். இப்போது அது அவர் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போகாதே. காலை ஐந்தரைக்கு ஊத்தங்கரை பேருந்து நிலையத்துக்கு வந்துவிடு. இரண்டு கேமராக்களையும் கொண்டுவருகிறேன். பெரிய பையை நாள் முழுவதும் நீயே தூக்கு. அந்தக் கல்லை இரண்டிலும் எடுத்து, மாலை என் வீட்டுக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எந்தப் படம் எந்தக் கேமரா என்று நான் சொல்ல மாட்டேன்.