ஜெனெட் ரேங்கின் அளித்த வாக்கு

ஜெனெட் ரேங்கின் என்றதும் பலருக்கும் 1941 டிசம்பர் 8 மட்டுமே நினைவுக்கு வருகிறது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆதரித்தபோது, எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அந்த ஒற்றை எண்ணுக்குள் அவரை அடைத்துவிடுவது அநீதி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1880 ஆம் ஆண்டு மொன்டானாவின் மிசூலா நகருக்கு அருகில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்த அவர், பெண்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராகச் சென்று பேசியவர். 1914 இல் மொன்டானா பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அம்மாநிலம் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்தச் சபையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்கள் அப்போது முழு வாக்குரிமை பெற்றிருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவர் தோளில் இருந்த சுமை புரியும்.

1917 ஏப்ரல் 2 அன்று பதவியேற்றார். நான்கே நாட்களில் ஜெர்மனி மீதான போர் வாக்கெடுப்புக்கு வந்தது. அவர் எதிர்த்து வாக்களித்தால் வாக்குரிமைப் போராட்டமே பின்னடையும் என்று உடன் போராடிய பெண்களிலேயே பலர் அஞ்சினர். "என் நாட்டின் பக்கம் நிற்கவே விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் இயலாது" என்றார் அவர். அன்று எதிர்த்த 50 பேரில் 49 பேர் ஆண்கள். ஆயினும் பழியில் பெரும்பங்கு அந்த ஒரு பெண்ணின் மீதே விழுந்தது. 1941 ஆம் ஆண்டின் வாக்கை விட இந்த வாக்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏனெனில் இதில் அவர் பணயம் வைத்தது தம் பதவியை மட்டுமன்று, தாம் வாழ்நாளெல்லாம் பாடுபட்ட இயக்கத்தின் நற்பெயரையும்தான்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பியூட் நகரச் சுரங்கத் தீயில் 160 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டபோது, மொன்டானாவையே ஆட்டிவைத்த அனகொண்டா செப்பு நிறுவனத்துக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். 1918 ஜனவரியில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தின் மீதான விவாதத்தைச் சபையில் தொடங்கிவைத்தவரும் அவரே. உலகில் மக்களாட்சியைக் காக்கப் போருக்கு வாக்களித்த இதே சபை, நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சிறிதளவு மக்களாட்சியைக்கூட மறுத்தால், மக்களாட்சியின் பொருளை அவர்களுக்கு எப்படி விளக்குவோம் என்று கேட்டார். அன்று சபையில் 274 க்கு 136 என்று திருத்தம் நிறைவேறியது. அந்த ஆண்டு மேலவையான செனட் அதைத் தோற்கடித்தது. 1920 இல் அது சட்டமானபோது அவர் நாடாளுமன்றத்தில் இல்லை. மொன்டானா இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டதால், அவர் மீண்டும் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடவில்லை. 1918 இல் செனட்டுக்குப் போட்டியிட்டு அவர் தோற்றிருந்தார்.

1941 இல் அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. தாக்கப்பட்ட நாடு திருப்பித் தாக்குவதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும், 1940 தேர்தலில் போரை எதிர்ப்பேன் என்று சொல்லித்தான் அவர் மீண்டும் வென்றார். வாக்களித்தல் என்ற நம் சொல்லுக்கு உறுதி கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. அந்த இரண்டு பொருளையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. வாக்கெடுப்பு முடிந்ததும், சினங்கொண்ட கூட்டத்திடமிருந்து தப்பத் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொண்ட அவரைக் காவலர்கள்தான் பாதுகாப்பாக அழைத்துச் சென்றார்கள். அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் அவர் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவேயில்லை.

காந்தியின் வழிமுறைகளில் கொண்ட ஈடுபாட்டால் 1946 முதல் ஏழு முறை இந்தியா வந்தார். 1968 ஜனவரியில், தம் 87 ஆம் வயதில், வியட்நாம் போரை நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கான பெண்களுடன் வாஷிங்டனில் நடந்தார். 1973 இல் மறைந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கும் அவரது சிலையின் கீழே, போருக்கு வாக்களிக்க இயலாது என்ற சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1918 இல் அவர் கேட்ட அந்தக் கேள்வியும் அதன் அருகே இருந்திருக்க வேண்டும்.